லாஸ் வேகஸில் ஒரு டிராஃப்ட்ஸ்மேன்!

"எதுக்காகப் போறீங்க?"

"ஒரு மாநாட்டுக்கு ஸார்."

"எந்த ஊர்ல?"

"லாஸ் வேகஸ்."

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அதிகாரி, முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வயசு, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் பென்சில். சூதாடுகிற முகமா என்று ஆராய்ந்திருப்பார்.

"என்ன மாநாடு?"

"கட்டடம் வரையற கம்ப்யூட்டர் ஸாஃப்ட்வேர் இருக்கில்லையா... அதை உபயோகிக்கிறவங்க வருஷா வருஷம் கூடுவாங்க."

"கூடி?"

"அதைப் பத்திப் பேசுவாங்க."

"மூணு நாளா?"

"போதாது ஸார்."

சிரித்துவிட்டார். விசா கிடைத்துவிட்டது. (இந்த உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. என் ஆங்கிலத்தைத் தமிழில் எழுதினால்தான் எனக்கு மரியாதை!)

மாநாட்டின் பெயர் 'ஆட்டோடெஸ்க் யுனிவர்ஸிட்டி'. பெயரில்தான் யுனிவர்ஸிட்டி. பட்டமும் கிடையாது, கறுப்பு அங்கியும் கிடையாது. ஆட்டோகேட், ரெவிட் என்று கட்டடக்காரர்கள் கம்ப்யூட்டரில் வரையும் ஸாஃப்ட்வேர்களைச் செய்யும் ஆட்டோடெஸ்க் கம்பெனி 1993-லிருந்து நடத்துகிற கூட்டம். நான் போனது 2023 நவம்பர் 13 முதல் 15 வரை நடந்த மாநாட்டுக்கு.

கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று விசாவில் எழுதினேன். ஆபீஸிலும் அதையேதான் சொன்னேன். நிஜத்தில் போனது பயத்தில்.

*

திருச்சி தில்லைநகரில், கீழே மருந்துக் கடை, மேலே பல் டாக்டர், நடுவில் நாங்கள். பதினாலு பேர். என்ன தொழில் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "கம்ப்யூட்டர்ல பிளான் போடறோம்" என்று முடித்துக்கொள்வேன். விஷயம் இதுதான்: அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். ஏ.ஸி. காற்றுக் குழாய் எங்கே போகணும், தண்ணீர்க் குழாய் எங்கே இறங்கணும், தீயணைப்புக் குழாய் எந்த பீமுக்கு அடியில் ஓடணும் என்பதை அங்கே இன்ஜினீயர் முடிவு செய்வார். வீட்டுக்குக் கிளம்பும்போது அதைக் கோடு கோடாக எங்களுக்கு அனுப்பிவிடுவார். இங்கே அப்போது விடிகாலை. அதை நாங்கள் கம்ப்யூட்டரில் முழு உருவமாகக் கட்டி, அளவு போட்டு, பெயர் எழுதி, அவர் மறுநாள் காபி குடிக்கும் நேரத்துக்குத் திருப்பி அனுப்புவோம்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எத்தனை கக்கூஸ், எந்தக் கக்கூஸுக்கு எத்தனை அங்குலக் குழாய் என்பதெல்லாம் எங்கள் பையன்களுக்கு அத்துப்படி. ஒருத்தனும் அந்த ஊரைப் பார்த்ததில்லை.

பதினோரு வருஷமாக எங்களுக்குப் பெரும்பாலான வேலை கொடுப்பது ஒரே ஒரு அமெரிக்கக் கம்பெனி. அங்கே எங்களோடு பேசுவது ஓர் அம்மாள். அறுபது வயசுக்கு மேல் இருக்கும் என்று குரலை வைத்துக் கணக்கு. 2023 ஜூலையில் அந்த அம்மாளிடமிருந்து ஒரு கடிதம். 'நவம்பர் மாநாட்டுக்கு வருகிறீர்களா? சில விஷயங்களை நேரில் பேசவேண்டும்.'

நேரில் பேசவேண்டும்! நம் ஊரில் சம்பந்தி வீட்டிலிருந்து இப்படிச் செய்தி வந்தால் என்ன அர்த்தம்? நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம்.

டிக்கெட், பதிவுக் கட்டணம், ஓட்டல் எல்லாவற்றையும் டாலரிலிருந்து ரூபாய்க்கு மாற்றிக் கூட்டிப் பார்த்தேன். மனைவியிடம் பாதியைச் சொன்னேன். அதற்கே அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, மனசைத் தேற்ற ஒரு கதை சொன்னேன். "ஹங்கேரியில காபோர் போயார்னு ஒருத்தர். 1982-ல, அது கம்யூனிஸ்ட் நாடா இருந்தப்போ, பெண்டாட்டி நகையை அடகு வச்சு இதே மாதிரி கட்டடம் வரையற ஸாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிச்சதா எங்க தொழில்ல சொல்வாங்க. கிராஃபிஸாஃப்ட்னு பேரு. ஆர்க்கிகேட்னு உலகம் பூரா விக்கிது."

அவள் கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போயிற்று. "நீங்க மாநாட்டுக்கே போயிட்டு வாங்க" என்றாள்.

*

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12. மாநாடு 13. என் ராசி அப்படி.

தாம்பரத்தில் மைத்துனி வீட்டில் விடிகாலை மூன்று மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டையும் கையில் லேகியமுமாக ஏர்போர்ட்டுக்குப் போனேன். பாதுகாப்புச் சோதனையில் லேகிய டப்பாவைத் திறந்து மோந்து பார்த்த ஜவான் ஒன்றும் பேசாமல் மூடிக் கொடுத்தார். துபாய், லாஸ் ஏஞ்சலஸ் என்று மாறி மாறி, லாஸ் வேகஸில் இறங்கியபோது அங்கேயும் நவம்பர் 12, ராத்திரி. பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். ஆக, எனக்கு மட்டும் அந்தத் தீபாவளி முப்பத்தேழரை மணி நேரம். வெடிதான் இல்லை.

பெட்டி எடுக்கப் போகிற இடத்திலேயே சூதாட்ட மெஷின்கள் வரிசையாக நின்று மினுக்கின. ஊருக்குள் நுழையும் வரைக்கும்கூடப் பொறுக்க முடியாதவர்களுக்காக.

மாநாடு நடந்தது 'வெனிஷியன்' என்ற ஓட்டலில். ஓட்டல் என்றால் நம் மனசில் வரும் எதுவும் இல்லை. இரண்டாவது மாடியில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதில் படகு, படகோட்டி இத்தாலியப் பாட்டுப் பாடுகிறான். கூரையில் நீல வானம் வரைந்து, எந்நேரமும் சாயங்காலம் ஐந்தரை மாதிரி விளக்குப் போட்டிருக்கிறார்கள். (எங்கள் உய்யக்கொண்டான் வாய்க்கால் தரையில் ஓடுவதற்கே திணறுகிறது!) அறையிலிருந்து வகுப்புக்குப் போக, சூதாட்டக் கூடத்தின் வழியாகத்தான் போகணும். காலை ஏழரைக்கு ஒரு பாட்டி கண் சிமிட்டாமல் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி ஒன்பதுக்குத் திரும்பி வந்தபோதும் அதே மாதிரி ஒரு பாட்டி. அதே பாட்டியா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

இந்த இடத்துக்கும் எங்கள் தொழிலுக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. ஆட்டோகேட்டை உலகம் முதன்முதலில் பார்த்தது 1982 நவம்பரில், இதே ஊரில், 'காம்டெக்ஸ்' என்ற கம்ப்யூட்டர் கண்காட்சியில். ஜான் வாக்கர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் அந்த வருஷம்தான் ஆட்டோடெஸ்க் கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். காம்டெக்ஸ் நடத்தி, 1995-ல் அதை விற்ற ஷெல்டன் அடெல்சன்தான் 1999-ல் இந்த வெனிஷியனைத் திறந்தார். ஆக, கம்ப்யூட்டர்காரர்கள் கொடுத்த காசில் வந்த கட்டடம் என்றுகூடச் சொல்லலாம். அதற்குள்ளேயே நாங்கள் மறுபடி காசு கொடுத்து உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்திலேயே 'ஸ்ஃபியர்'. 366 அடி உயரம், 516 அடி அகலம், உருண்டை. திறந்து ஒன்றரை மாசம்தான் ஆகியிருந்தது. வெளிப்பக்கம் பூராவும் விளக்கு. ஒரு சமயம் நிலா, ஒரு சமயம் பூமி, ஒரு சமயம் ஒற்றைக் கண்ணாக உருண்டு நம்மையே பார்க்கும். மாநாட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மற்ற டூரிஸ்ட்டுகள் "ஆஹா!" என்றார்கள். எங்கள் ஆட்கள், "அந்த வளைவுல தகடை எப்படி டிடெயில் பண்ணியிருப்பான்?" என்றார்கள். அப்போதுதான் சரியான ஜனங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று எனக்கு நிம்மதி வந்தது.

*

நான் 1989-ல் ஐ.டி.ஐ. முடித்த டிராஃப்ட்ஸ்மேன். அப்போது தொழில் என்றால் போர்டு, மினி டிராஃப்டர், டிரேஸிங் ஷீட், ராட்ரிங் பேனா. ஷீட்டில் இங்க் கோடு தப்பாகிவிட்டால் பிளேடால் மெதுவாகச் சுரண்டணும். கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை. முடிந்ததை அம்மோனியா பிரிண்ட் எடுக்கிற கடைக்குப் போனால் கண்ணில் தண்ணீர் கொட்டும்.

1991-ல் புத்தூரில் ஒரு வீடு. மாடிப்படியை ஒரு படி தள்ளிப் போடச் சொன்னார் இன்ஜினீயர். பிளான் ஷீட்டில் சுரண்டி மாற்றினேன். வெட்டுத் தோற்றம் இருந்த ஷீட்டில் மாற்ற மறந்துபோனேன். கொத்தனார் படியைப் பிளானைப் பார்த்துக் கட்டினார். பீமை அந்த இன்னொரு ஷீட்டைப் பார்த்துப் போட்டார். இரண்டு பேரும் சரி. நான்தான் தப்பு. வீட்டுக்காரர் ஆறடி உயரம். கிரகப்பிரவேசத்தன்று முதல் ஆளாக மாடி ஏறினார்...

ஹோமப் புகையில் அவருக்குக் கண் கலங்கியதாக வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த பீமில் இன்றைக்கும் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கிறது. அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

ரெவிட் என்ற ஸாஃப்ட்வேர் வந்தது இந்த மாதிரித் தலைகளைக் காப்பாற்றத்தான். ஆட்டோகேட்டில் ஒரு சுவர் என்பது இரண்டு கோடு. அது சுவர் என்று நமக்குத்தான் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ரெவிட்டில் சுவருக்குத் தான் சுவர் என்று தெரியும். ஜன்னலை ஓர் அடி தள்ளினால் பிளானிலும், முகப்பிலும், வெட்டுத் தோற்றத்திலும், 'மொத்தம் எத்தனை ஜன்னல்' என்கிற பட்டியலிலும் ஒரே சமயத்தில் மாறிவிடும். லியோனிட் ராய்ஸ், இர்வின் யுங்ரைஸ் என்று இரண்டு பேர் 1997-ல் ஆரம்பித்த கம்பெனி. 2000-ல் ரெவிட் வெளிவந்தது. 2002-ல் 13 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து ஆட்டோடெஸ்க் வாங்கிப்போட்டது. அந்த ரெண்டு பேரும் 1991-க்கு முன்னாலேயே யோசித்திருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

வகுப்புகளைப் பற்றி நிறைய எழுதலாம். எழுதினால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். ஒன்று மட்டும். படிக்கட்டுக் கைப்பிடியை ரெவிட்டில் வரைவது எப்படி என்று ஒரு வாத்தியார் ஆரம்பித்ததும் அறை பூராவும் ஒரு பெருமூச்சு. ஜப்பான்காரர், பிரேஸில்காரர், நான், எல்லோரும் ஒரே மாதிரி. உலகம் முழுக்க அந்தக் கைப்பிடியிடம் அடி வாங்கியவர்கள்! பிறகு அவர் ஒரு குறுக்கு வழி காட்டினார். கைதட்டல் நிற்கவே இல்லை. ரஜினி படத்தின் முதல் நாள் முதல் காட்சிதான் ஞாபகத்துக்கு வந்தது.

காபி வரிசையில் நாம் "எந்த ஊரு?" என்று கேட்பது போல அங்கே "எந்த வெர்ஷன்?" என்று கேட்கிறார்கள். ஒரு ஃபைலைப் புது வெர்ஷனில் திறந்து சேமித்துவிட்டால், அதைப் பழைய வெர்ஷனுக்குத் திருப்பவே முடியாது. அந்தத் துக்கம் எல்லோருக்கும் பொது. வாடகை இன்னொரு துக்கம். 2016-லிருந்து இந்த ஸாஃப்ட்வேர்களை ஒரேயடியாக விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. வருஷா வருஷம் கட்டணம் கட்டணும். செலவு ஏறுகிறது, ரெவிட் வளரவில்லை என்று பிரிட்டனின் பெரிய பெரிய ஆர்க்கிடெக்ட் கம்பெனிகள் சேர்ந்து 2020-ல் பகிரங்கக் கடிதமே எழுதின. காபி வரிசையிலும் அந்தக் கடிதத்தை ஞாபகம் வைத்துப் பேசினார்கள். பேசிவிட்டு, கப்போடு அடுத்த ரெவிட் வகுப்புக்கு ஓடினார்கள். நானும்தான்.

*

அந்த மாநாட்டில்தான் 'ஆட்டோடெஸ்க் ஏ.ஐ.' என்று பெயர் சூட்டி அறிவித்தார்கள். செயற்கை அறிவு. மேடையில் கம்பெனித் தலைவர் ஆண்ட்ரூ அனாக்னோஸ்ட். கட்டவேண்டியது ஏகப்பட்டது இருக்கிறது, கட்டுவதற்கு ஆள் போதவில்லை, அதனால் இது உதவும் என்கிற ரீதியில் பேச்சு. நியாயமாகத்தான் இருந்தது. திருச்சியில் பதினாலு பேர் இருக்கிறார்களே என்று கை தூக்கிச் சொல்லலாமா என்று பார்த்தேன்.

வயிற்றைக் கலக்கியது மேடை அல்ல. கண்காட்சிக் கூடத்தின் ஒரு மூலையில் இருந்த சின்னக் கடை. யாரோ இரண்டு இளைஞர்கள். ரெவிட்டோடு சேர்ந்து வேலை செய்கிற ஒரு குட்டி ஸாஃப்ட்வேர் செய்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஒன்றின் ஒரு மாடியைத் திரையில் காட்டி, ஒரு பொத்தானை அமுக்கினான் பையன். குழாய்களுக்கெல்லாம் அளவும் பெயரும் தானாக விழ ஆரம்பித்தது, ஆலங்கட்டி மழை மாதிரி. வாட்சைப் பார்த்தேன். மூன்று நிமிஷம் இருபது விநாடி. எங்கள் ஆபீஸில் அது மூன்று பேருக்கு ஒரு ராத்திரி.

"எப்படி ஸார் இருக்கு?" என்றான் பையன், பெருமையாக.

"ரெண்டு இடத்துல பேர் மேல பேர் விழுந்திருக்கு" என்றேன்.

"அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும்."

ஆகிவிடும் என்று எனக்கும் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கால வித்தியாசத்தின் மேல் பழியைப் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஸ்ஃபியர் மஞ்சள் மூஞ்சியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. லேகியம் ஓர் உருண்டை சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் ஏதோ வகுப்புக்குப் போகவேண்டியவன், அறை எண் தப்பாகி இன்னொன்றில் நுழைந்துவிட்டேன். எழுந்து வர வெட்கப்பட்டு உட்கார்ந்தேன். அங்கே ஓர் இன்ஜினீயர், திரையில் ஒரே ஒரு நட்டும் இரும்புக் கம்பியும் வரைந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

1981 ஜூலை 17. கேன்ஸஸ் சிட்டியில் ஹயட் ரீஜென்ஸி ஓட்டல். கீழே நடன விருந்து. கூடத்துக்குக் குறுக்கே, கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கும் நடைபாலங்கள். நாலாவது மாடிப் பாலமும் அதற்கு நேர் கீழே இரண்டாவது மாடிப் பாலமும் அறுந்து ஜனங்கள் மேல் விழுந்தன. 114 பேர் செத்துப்போனார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம்.

காரணம்? முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இறங்கி, இரண்டு பாலங்களையும் தாங்கும். அவ்வளவு நீளத்துக்கு மரை போட்டு நட்டை ஏற்றுவது கஷ்டம் என்பதால், பட்டறைக்கான வரைபடத்தில் அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள். மேல் பாலம் கூரையில் தொங்கும். கீழ்ப் பாலம், மேல் பாலத்தில் தொங்கும். பார்ப்பதற்கு ரொம்பச் சின்ன மாற்றம். இப்படி யோசியுங்கள்: கிணற்றுக் கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குகிறார்கள். கயிறு தாங்கும். கீழே இருப்பவன் கயிற்றை விட்டுவிட்டு, மேலே இருப்பவன் காலைப் பிடித்துக்கொண்டால்? கயிறு அதே கயிறுதான். மேலே இருப்பவன் கைதான் பாவம், இரட்டை பாரம்! அந்தக் கை என்பது நாலாவது மாடிப் பாலத்துக்கு அடியில் இருந்த நட்டு. மாற்றிய வரைபடத்தில் 'பார்த்தாயிற்று' என்று இன்ஜினீயரின் முத்திரை இருந்தது. நின்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் யாருமில்லை. பிறகு இன்ஜினீயர்கள் இருவரின் உரிமம் பறிபோயிற்று.

பட்டறைக்கான வரைபடம். அதாவது எங்களை மாதிரி ஆபீஸ்களில் போடுகிற வரைபடம். எனக்குப் புத்தூர் பீம் கண் முன்னால் வந்து நின்றது. ஸ்பாஞ்சோடு போனது என் நல்ல காலம்.

*

மூன்றாம் நாள், புதன்கிழமை மத்தியானம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே கூரையின் கீழ் சாப்பிடும் பந்தி. சைவத்துக்குத் தனி வரிசை: இலை, தழை, ஒரு விதமான பருப்பு. அந்த அம்மாள் என்னைத் தேடி வந்தார். பதினோரு வருஷம் குரலாக மட்டும் இருந்தவர், என் தோள் உயரம்தான் இருந்தார். கட்டிப்பிடித்துக்கொண்டார். (மனைவி இதைப் படிப்பாள். அது அந்த ஊர் வழக்கம்.)

அதிரசப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து, நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அளவு போடறது, பெயர் எழுதறது, அந்த வேலையை அடுத்த வருஷத்துலேருந்து உங்களுக்கு அனுப்பப்போறதில்லை. இங்கேயே மெஷின் செய்யும். கடிதத்துல எழுத மனசு வரலை. அதான் நேர்ல வரச்சொன்னேன்."

எங்கள் வருமானத்தில் அது பாதிக்கு மேல். தட்டில் இருந்த இலை தழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஒண்ணு கேக்கணும்" என்றார். "உங்க ஆபீஸ்லேருந்து ஒரு பொண்ணு கேள்வி அனுப்பிக்கிட்டே இருப்பாளே, அவ இன்னும் இருக்காளா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரியலூர்ப் பொண்ணு! ஆபீஸில் இருபத்தாறு வயசில் ஒரு தலைவலி. 'இந்தக் குழாய் இங்கே போனா கதவு திறக்குமா?', 'மேலே மோட்டாரைக் கழற்றணும்னா ஆள் எங்கே நிப்பான்?' என்று ஒரு நாளைக்கு இருபது கேள்வி அமெரிக்காவுக்கு அனுப்புவாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வரும்வரை வேலை நிற்கும். "கொடுத்ததை வரைம்மா, அவங்க கட்டடம், அவங்க கதவு" என்று நானே எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்! இந்த அம்மாள் புகார் சொல்லத்தான் போகிறார் என்று, "பேசிடறேன் மேடம், குறைச்சுக்கச் சொல்றேன்" என்றேன்.

"குறைச்சுக்கவா?" அந்த அம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. "போன வருஷம் அந்த ஆஸ்பத்திரி வேலை ஞாபகம் இருக்கா?"

இருந்தது. குழாயும் பீமும் ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று பார்க்கத் தனி ஸாஃப்ட்வேர் இருக்கிறது, நேவிஸ்வொர்க்ஸ் என்று. ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி. எல்லாக் குழாயையும் எல்லா பீமோடும் ஒப்பிட்டு, எங்கே முட்டுகிறது என்று ஜாபிதா கொடுத்துவிடும். அந்த ஆஸ்பத்திரியில் ஜாபிதா சுத்தமாக வந்தது. ஒரு முட்டலும் இல்லை, பத்துக்குப் பத்துப் பொருத்தம். இவள்தான், ஓர் அடைப்பான் சுவருக்கு அரை அடி பக்கத்தில் இருக்கிறதே, மூடுகிறவன் கையை எங்கே நுழைப்பான் என்று கேட்டு எழுதினாள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே எதுவும் இடிக்கவில்லை. மனுஷன் கைதான் இடிக்கும். கம்ப்யூட்டரில் நாங்கள் கையை வரையவில்லையே!

"அது ஆபரேஷன் தியேட்டருக்குப் போற ஆக்ஸிஜன் குழாயோட அடைப்பான்" என்றார் அம்மாள். "சுவரு எழும்பறதுக்கு முன்னாடி மாத்திட்டோம். அளவு போட மெஷின் வந்தாச்சு. இந்த மாதிரிக் கேக்கறவங்க வேணும். அப்படி உங்ககிட்ட எத்தனை பேர் இருக்காங்க?"

மனசுக்குள் எண்ணினேன். அவளைச் சேர்த்து மூன்று. கௌரவத்துக்காக "ஆறு" என்றேன்.

"சரி, ஆறு பேருக்கு வேலை அனுப்பறேன்" என்றார். "மீதிப் பேருக்கு ஒரு வருஷம் டயம்."

இன்னொரு அதிரசத்தை எடுத்துக்கொண்டார்.

*

என் விமானம் 17-ம் தேதி. ஊர் பூராவும் அந்த வாரக் கடைசியில் நடக்கும் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்காக ரோட்டை அடைத்து, புதுத் தார் போட்டு, காலரி கட்டி வைத்திருந்தார்கள். கார்கள் ஓடப்போவது எங்கள் ஓட்டலையும் ஸ்ஃபியரையும் சுற்றித்தான். 16-ம் தேதி ராத்திரி எட்டரைக்கு முதல் ஒத்திகை. டிக்கெட் வாங்க வழியில்லாததால் அறையில் டி.வி.யில் பார்த்தேன். ஜன்னல் வழியே சத்தம் கேட்டது, திரையில் படம் தெரிந்தது. ஆனந்தமாக இருந்தது, எட்டு ஒன்பது நிமிஷம்.

அதற்குள் நிறுத்திவிட்டார்கள். ரோட்டின் நடுவில் இருந்த ஒரு தண்ணீர் வால்வு மூடி, காரின் வேகத்தில் பெயர்ந்துவிட்டது. கார்லோஸ் சைன்ஸ் ஓட்டிய ஃபெராரியின் அடிவயிறு அதன்மேல் அடித்து நொறுங்கிவிட்டது. ஒத்திகை ரத்து. ரோட்டில் இருந்த மூடிகளையெல்லாம் சோதித்து, அடுத்த ஒத்திகையை ஆரம்பிக்க விடிகாலை இரண்டரை மணி. அதற்குள் காலரியிலிருந்து ஜனங்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. கோடி கோடியாகக் கொட்டிப் போட்ட ரோடு. அத்தனை பேர் அத்தனை கம்ப்யூட்டரில் பார்த்திருப்பார்கள். அரியலூர்ப் பொண்ணு இருந்திருந்தால், 'ஸார், இந்த மூடியை யார் பிடிச்சுக்கிட்டிருக்காங்க?' என்று கேட்டிருப்பாள். நான் கத்தியிருப்பேன்.

அதற்கப்புறம் அந்த மாநாடு 2024-ல் சான் டியாகோவிலும் 2025-ல் நாஷ்வில்லிலும் நடந்தது. நான் போகவில்லை, போகிற நிலைமையும் இல்லை. அம்மாள் சொன்ன ஒரு வருஷம் சொன்ன தேதியில் முடிந்தது. பதினாலு பேர் இப்போது ஒன்பது. ஒருத்தன் துபாய் போனான், ரெண்டு பேருக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ஒருத்தன் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறான். கோடு போட்டால் அவன் கோடு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அத்தனை சுத்தமான கை. ஐந்தாவது ஆளுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. மாசம் ஒரு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போகிறான். அவன் வருகிற அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் முதல் வேலையாக அரியலூர்ப் பொண்ணை என் அறைக்குக் கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"இனிமே நீ எத்தனை கேள்வி வேணும்னாலும் கேளும்மா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றேன்.

நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"நிஜமாவா ஸார்?"

"நிஜமா."

"அப்போ ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"மூணு வருஷமா எனக்கு ஏன் ஸார் சம்பளம் ஏத்தலை?"